ஜூலியின் எடை

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கிடங்குகள் திறக்கும் முன்பே அந்த ஒற்றைக் கதவு திறந்துவிடும். முதலில் வெளியே வருவது ஒரு பலகை. வாசற்படியில் ஒரு முனை, ஓடைக்கு அப்பால் தெருவில் மறுமுனை என்று சாய்த்து வைத்து, காலால் இரண்டு தரம் அழுத்திப் பார்க்கிறார் பெரியவர். பலகை முழுவதும் கயிற்றுப்பாய் பரப்பி ஆணி அடித்திருக்கிறது. மழையில் ஊறினாலும் நகம் வழுக்காது. பலகை ஆடாமல் உட்கார்ந்த பிறகு உள்ளே போகிறார். அங்கேதான் நேரம் பிடிக்கும். தெருவுக்குக் குரல் மட்டும் கேட்கும், மெதுவாக வா, அவசரமில்லை என்று மலையாளத்தில்.

"பய்யெ... பய்யெ மோளே... திரக்கில்ல."

முதலில் நரைத்த மூக்கு தெரிகிறது. பிறகு முன்னங்கால் இரண்டு, பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டு. அதன் இரண்டு முனைகளும் முதுகுக்கு மேலே பெரியவரின் இடது கைப்பிடிக்குள் இருக்கின்றன. பின்னங்கால்களின் பாரத்தை அந்தக் கைதான் தாங்குகிறது. பாதங்கள் மடங்கி மேல்புறம் தரையில் உரசும் என்பதால் பின்கால்களுக்குக் குழந்தைகளின் காலுறை போட்டிருக்கிறார், ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். பலகை இறங்கி முடித்ததும் ஜூலி நின்று மூச்சு வாங்குகிறாள். அவரும் நின்று வாங்குகிறார்.

செம்மண் நிறத்து நாட்டு நாய். முகம் மட்டும் முழுதாக வெளுத்துவிட்டது. கண்மணிகளில் நீலம் பாய்ந்த புகை. வயதான நாய்களின் விழிவில்லை இறுகும்போது வரும் நிறம் அது. பார்ப்பவர்கள் குருடு என்று நினைத்துவிடுவார்கள், ஆனால் பெரும்பாலும் பார்வை இருக்கும். ஜூலிக்கும் இருக்கிறது. எதிரே அரிசிக் கிடங்கு வாசலில் சிந்திய மணிகளைப் பொறுக்க வரும் ஆடுகளை இன்னும் எண்ணிப் பார்க்கிறாள். மட்டாஞ்சேரி ஆடுகளுக்குத் தெரு சொந்தம், லாரிக்குக்கூட வழிவிடமாட்டா. ஒரு காலத்தில் அவற்றைப் படகுக் கடவுவரை விரட்டிப் போனவள் இவள் என்று டீக்கடைக்காரர் சொல்கிறார். இப்போது ஓர் ஆட்டுக்குட்டி அவள் மஞ்சள் காலுறையை மோந்து பார்த்துவிட்டுப் போகிறது.

பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் இதே தெருவில் சுமை தூக்கியவர். வேலையை விட்ட பிறகும் சுமைத் தொழிலாளியின் நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறார். தலைச்சுமை எடுத்தவர்களுக்குக் கழுத்து குறுகிவிடும். தோளுக்குள் புதைந்த மாதிரி இருக்கிறது அவர் தலை. இடது முழங்கால் மடங்குவதில்லை. நாயை நடத்திக்கொண்டு போகும்போது இருவருடைய நொண்டலும் ஒரே தாளத்தில் விழுகிறது.

தான் ஐம்பத்து மூன்றாம் வருஷத்துப் பிள்ளை என்று அவர் சொல்லிக்கொள்வது வழக்கம். இந்தத் தெருவில் அந்த வருஷத்துக்கு விளக்கம் தேவையில்லை. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் அன்றன்றைய வேலை வேண்டுமென்றால், வீசியெறியப்படும் உலோக வில்லையை முட்டி மோதிப் பொறுக்க வேண்டியிருந்தது. 'சாப்பா' என்று பெயர். கையில் வில்லை கிடைத்தவனுக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்து நின்ற தொழிலாளிகள்மேல் 1953 செப்டம்பர் 15-இல் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி இருவரும் குண்டுக்கு இறந்தார்கள்; ஆண்டனி போலீஸ் சித்திரவதையில் இறந்தார். பெரியவரின் அப்பனும் அந்த வில்லைக்கு முட்டியவர்தான். இதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்வதில்லை. நாயின் காதில் உண்ணி இருக்கிறதா என்று தடவிக்கொண்டேதான் சொல்கிறார்.

இப்போது சுமையே குறைந்துவிட்டது. யூதத் தெருவில் 1957-இல் தொடங்கிய மிளகுச் சந்தையின் ஏலக் கூச்சல் அடங்கிப் பல வருஷம் ஆகிறது. கொள்கலன் கப்பல்கள் 2011-இலிருந்து வல்லார்பாடத்துக்குப் போகின்றன. பழைய கிடங்குகளில் பாதி, பழம்பொருள் கடையாகவும் காப்பிக் கடையாகவும் ஓவியக் கூடமாகவும் மாறிவிட்டன. மீதிப் பாதியில் இன்னும் சுக்கு காய்கிறது, அரிசி இறங்குகிறது, மல்லி புடைக்கிறார்கள். அந்த மீதிப் பாதிதான் ஜூலியைத் தாங்குகிறது.

*

தூக்குவதற்கு அவரிடம் ஒரு முறை இருக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே டீக்கடை பெஞ்சில் எனக்கு அந்த மூலை பிடித்துப்போனது.

டீக்கடைக்கு இரண்டு படி ஏற வேண்டும். படிக்கு முன்னால் வந்ததும் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்கிறார். மடங்காத காலை ஒருபக்கம் நீட்டி, மற்றதை மடித்து நாயின் உயரத்துக்கு இறங்குகிறார். வலது கை முன்னங்கால்களுக்கு நடுவே மார்புக்கு அடியில் போகிறது. இடது கை தொடைகளுக்குப் பின்னால் சுற்றி வளைக்கிறது. உடம்பைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு மூச்சு பொறுக்கிறார். அந்த ஒரு மூச்சு ஜூலிக்காக. தூக்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். காது மந்தமான நாய் திடீரென்று தரை போய்விட்டால் பதறிக் கடிக்கும். அவள் தாடையை அவர் முழங்கையில் வைத்ததும் எழுந்திருக்கிறார். முதுகு வளையாது. தொடையின் பலத்திலேயே எழுகிறார். நாயின் முதுகெலும்பும் ஒரே மட்டத்தில் வருகிறது, எங்கும் தொய்வில்லை.

இடுப்பெலும்பு தேய்ந்த நாயைத் தூக்க, கால்நடை மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கிற பிடியும் இதுவேதான். இவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அறுபது எழுபது கிலோ மூட்டையை ஆயுள் முழுக்கத் தூக்கிய உடம்பு, பதினைந்து கிலோவை எப்படித் தூக்க வேண்டும் என்பதைத் தானாகக் கண்டுகொண்டிருக்கிறது. மூட்டைக்கு இல்லாத ஒன்று, அந்த ஒரு மூச்சுப் பொறுப்பு, நாய்க்காகச் சேர்ந்திருக்கிறது.

ஜூலியின் இடது காது நுனியில் ஒரு வெட்டு இருக்கிறது. கருத்தடை செய்து ஊசி போட்ட தெருநாய்க்கு வைக்கும் அடையாளம். பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும் என்பது அப்போதிருந்த 2001-ஆம் வருஷத்து விதி. அப்படி வண்டியில் பிடித்துக்கொண்டு போனவர்கள், சில நாள் கழித்து இதே தெருமுனையில் இறக்கிவிட்டபோது, அவள் நேராக இந்தக் கதவுக்கு வந்து உட்கார்ந்தாளாம். அன்றிலிருந்து இவர் வீட்டு நாய். மனைவி இருந்தபோது நாயைப் படி ஏற விட்டதில்லை, கடைசியில் அந்த அம்மா படுத்த படுக்கையானபோது கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது இவள்தான் என்பதும் டீக்கடைக்காரர் சொல்லித் தெரிந்தது. பெரியவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தெருவில் எல்லோருக்கும் நாய் பிடிக்கும் என்று எழுதினால் அது பொய். நாய்க்கடிப் பயம் கேரளத்தில் வெறும் பேச்சல்ல. வெறிநாய்க் கடியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. பக்கத்துச் சந்தில் ஓர் அம்மாவின் பையனை இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு நாய் கடித்திருக்கிறது. அவர் இன்றும் ஜூலியைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். ஆனால் சோறு வடித்த கஞ்சித் தண்ணீரைச் சாயங்காலம் ஒரு தூக்கில் கொடுத்தனுப்புவதும் அவர்தான். உப்புப் போடாமல். உப்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்னது அவர் காதுவரை போயிருக்கிறது.

*

சனிக்கிழமை மத்தியானம் சுக்குக் கிடங்கில் வாரக் கணக்கு முடிப்பார்கள். கணக்குப்பிள்ளை வாசலுக்கு வந்து கையைத் தட்டினால், பெரியவர் ஜூலியைத் தூக்கிக்கொண்டு போய் இரும்புத் தராசுமேல் ஏறுகிறார். மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு அது. முள் நிற்கும்வரை அவரும் அசைவதில்லை, அவளும் அசைவதில்லை. கணக்குப்பிள்ளை எண்ணைச் சொல்லி எழுதிக்கொள்கிறார். அடுத்து ஜூலியைக் கீழே சாக்கில் இறக்கிவிட்டுப் பெரியவர் மட்டும் ஏறி நிற்கிறார். மூட்டையின் எடையிலிருந்து சாக்கின் எடையைக் கழிப்பதுபோல் இவரைக் கழிக்கிறார் கணக்குப்பிள்ளை. மீதிதான் ஜூலி.

பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. 17.600. 17.100. 16.200. 15.400. பிறகு ஒரு 15.900. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு; அன்று கிடங்கில் எல்லோருக்கும் பெரியவர் டீ வாங்கிக்கொடுத்தார்.

எடை வெறும் ஆறுதலுக்கு இல்லை. வயதான நாய்க்குத் தொடைச் சதைதான் முதலில் கரையும்; கரைவது வெளியில் தெரியும் முன்னே தராசுக்குத் தெரிந்துவிடும். வலி மருந்தும் கிலோவுக்கு இத்தனை என்றுதான் கொடுக்க வேண்டும். மனிதர்கள் மூட்டுவலிக்கு விழுங்குகிற ஐபுப்ரோஃபென் மாத்திரை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அன்போடு பாதி மாத்திரையைச் சோற்றில் வைத்து நாயைக் கொன்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இந்தத் தெருவில் இதைப் பத்துப் பேருக்கு விளங்கவைத்தது மருந்துக் கடைப் பையன். பெரியவர் தன் முழங்காலுக்கு வாங்கும் மாத்திரையில் கூடுதலாக ஓர் அட்டை கேட்டபோது, யாருக்கு என்று கேட்டு, கொடுக்க மறுத்திருக்கிறான். அந்த மறுப்பில் தொடங்கியதுதான் மண்ணுத்திப் பயணம்.

*

மண்ணுத்தி, திருச்சூருக்குப் பக்கம். 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து எண்பது கிலோமீட்டர் போல. எறணாகுளத்தில் பார்த்த டாக்டர், இடுப்பையும் முதுகையும் அங்கே ஒரு தரம் முழுதாகப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நலவாரியப் பென்ஷனில் வாடகைக் கார் கட்டுப்படியாகாது. பஸ்ஸில் நாயை ஏற்ற முடியாது.

நாமக்கல் பதிவெண் போட்ட லாரி ஒன்று அன்று சாயங்காலம் மஞ்சள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. டிரைவருக்கு முப்பது வயதிருக்கும். மூட்டை இறங்குகிறவரை டீக்கடையில் வந்து உட்கார்ந்தவர், படியோரம் படுத்திருந்த ஜூலியைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க பெரியவரே, நாயிக்குக் காலுல என்னாச்சுங்க?"

துறைமுகத் தெருவில் வேலை செய்தவர்களுக்கு லாரிக்காரர்களோடு பேசுகிற அளவுக்குத் தமிழ் உண்டு.

"வயசாச்சு தம்பி. பின்கால் நிக்கில்ல. மண்ணுத்தி போகச் சொல்லி. எப்படிப் போக?"

டிரைவர் டீயைக் குடித்து முடித்தார். "மண்ணுத்தி ஆஸ்பத்திரி ஹைவேஸ் மேலயே இருக்குதுங்க. நானு அந்த வழியாத்தான் பாலக்காடு போறேன். ராத்திரி பத்து மணிக்கு வண்டி எடுக்கறனுங்க. வாங்க, ஏறிக்கங்க."

பெரியவர் எழுந்திருக்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. கையை நாயின் தலைமேல் வைத்தபடி இருந்தார். டீக்கடைக்காரர்தான் அவருக்காகச் சரி என்றார்.

ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தெருவில் ஒரு லாரிக்குள் நாய் ஏறியதை நான் பார்த்தேன். கேபினின் உயரம் ஓர் ஆள் உயரம். தரையில் பெரியவர் தூக்கிக் கொடுத்தார். நடுவில் படிக்கட்டில் நின்ற இளம் சுமைத் தொழிலாளி வாங்கினான். மேலே கிளீனர் பையன் குனிந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தான். மூட்டை ஏற்றுகிற வரிசைதான். ஆனால் ஒவ்வொரு கை மாறும்போதும் பெரியவர் "மூச்சு விடட்டே, மூச்சு விடட்டே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிளீனர் தான் படுக்கிற பலகையை விட்டுக்கொடுத்து, கால் வைக்கிற இடத்தில் சுருண்டுகொண்டான். எறணாகுளம், ஆலுவா, அங்கமாலி, சாலக்குடி, பாலியேக்கர டோல். விடிவதற்கு நிறைய நேரம் இருக்கும்போதே கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார் டிரைவர். ஓ.பி. திறக்கும்வரை பெரியவர் வாசல் மதிலோரம் உட்கார்ந்திருந்தாராம், நாயை மடியில் போட்டுக்கொண்டு.

இரண்டாம் நாள் காலை காய்கறி வண்டி ஒன்றிலிருந்து இருவரும் இறங்கினார்கள். ஜூலிக்கு முன்காலில் மயிர் மழித்த ஒரு சிறு சதுரம். பெரியவர் கையில் எக்ஸ்ரே உறை. அதை டீக்கடை விளக்குக்கு நேரே பிடித்து எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் புரியவில்லை, எல்லோரும் பார்த்தார்கள்.

இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்திருக்கிறது. முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே எலும்பு பாலம் கட்டியிருக்கிறது. இந்த வயதில் கத்தி வைப்பதற்கில்லை. வலிக்கு மருந்து, அளவோடு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரத்தம் பார்க்க வேண்டும். வழுக்காத தரை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். முடிந்தால் தண்ணீரில் நடக்க விட வேண்டும், தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்ளும், சதை கரையாது. இவ்வளவுதான் மண்ணுத்தி சொன்னது. எண்பது கிலோமீட்டர் போய் இதைத்தானா கேட்டு வந்தீர் என்று ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன செய்ய முடியாது என்பது தெளிவானதும் அந்த மனிதரின் முகத்தில் ஒரு நிதானம் வந்துவிட்டது. செய்ய முடிகிறவற்றை அடுத்த நாளே வரிசையாகச் செய்யத் தொடங்கிவிட்டார்.

*

கதவு திறந்திருக்கும்போது வீட்டின் முன்னறை முழுதாகத் தெரியும். கட்டில் இல்லை. கட்டிலை விற்றுவிட்டுத் தரைக்கு வந்துவிட்டார். ராத்திரி நாய் அசைந்தால் கை எட்ட வேண்டும். ஜூலி படுப்பது கிடங்கின் மரத்தட்டுமேல். தரை ஈரம் ஏறாமலிருக்க மூட்டைகளுக்கு அடியில் போடுகிற தட்டு. மழைக்காலத்திலும் கடல் ஏற்றத்தின்போதும் இந்தச் சந்துகளில் வாசலுக்குத் தண்ணீர் வந்துவிடும் என்பதால், தட்டின்மேல் தட்டாக இரண்டு. அதன்மேல் சாக்கு. சாக்கு உறுத்திப் படுக்கைப்புண் வரக் கூடாது என்று வெள்ளைப் போர்வைகள்.

போர்வைகளைக் கொண்டுவருகிறவர் இஸ்திரிக்காரர். தமிழர். ஃபோர்ட்கொச்சியில் வெளி என்ற இடத்தில், 1976-இல் கட்டிக்கொடுத்த சலவைக்கூடத்தில் துவைக்கிற வண்ணார் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத் துணி வெளுக்க வந்த வழி என்பார்கள். விடுதிகள் கழித்துப்போட்ட போர்வைகள் அங்கே கிடைக்கும். கஞ்சி போடாமல் அலசி, முறுக்குக் கயிற்றில் உலர்த்தி, மடித்துக் கொண்டுவருகிறார்.

"என்ன கெழவி, ராத்திரி தூங்குனியா? அந்தாள தூங்க விட்டியா?"

ஜூலி வாலைத் தரையில் ஒரு தரம் தட்டுகிறாள்.

"தூங்க விடல," என்கிறார் பெரியவர்.

ராத்திரியில் அவளுக்குத் திசை தப்புகிறது. பகலில் தூங்கி நடுச்சாமத்தில் விழிக்கிறாள். முன்காலால் இழுத்து இழுத்துப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கதவுக்குப் பின்னால் புகுந்துகொண்டு பின்னால் வரத் தெரியாமல் அழுகிறாள். மனிதர்களுக்கு வரும் மறதி நோய்க்கு ஒப்பான ஒன்று வயதான நாய்களுக்கும் வரும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெரியவர் இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கை எரிய விடுகிறார். நாற்காலி, குடம், அரிசிப் பானை எல்லாவற்றையும் ஒரு சுவரோரம் ஒதுக்கிவிட்டார். அவள் மாட்டிக்கொள்ள மூலையே இல்லாதபடி அந்த அறையை ஆக்கியிருக்கிறார்.

*

பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்குப் பின்வாசல் காயலில் திறக்கும். கேவு வள்ளங்கள் சரக்கு ஏற்றிய காலத்துக் கல்படிகள் இன்னும் இருக்கின்றன. ஏற்றம் வருகிற சாயங்காலத்தில், தண்ணீர் மூன்றாம் படியைத் தொடும்போது, பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். இடுப்பளவு தண்ணீர். ஜூலியை அதே பிடியில் இறக்கி, மார்புக்கு அடியில் ஒரு கையும் வயிற்றுக்கு அடியில் துண்டுமாக நிறுத்துகிறார்.

முதல் நாள் அவள் பயந்து அவர் தோளை நகத்தால் கீறிவிட்டாள். இப்போது தண்ணீர் நெஞ்சைத் தொட்டதுமே முன்கால்கள் துழாவத் தொடங்குகின்றன. பின்கால்கள் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு, ஒன்று. பிறகு மற்றொன்று. தரையில் மறந்துபோனதைத் தண்ணீரில் கண்டெடுத்து, உதைக்கின்றன. தலையை நீட்டிக்கொண்டு அவள் நீந்துகிற அந்தச் சில நிமிஷத்தில் வயது தெரிவதில்லை. பெரியவர் பின்னோக்கி நடந்து கொடுக்கிறார், எதிரே வெலிங்டன் தீவின் கிரேன்கள் தெரிகிற பக்கமாக. "அங்ஙனெ... அங்ஙனெத்தன்னெ..." என்கிறார். அவருடைய மடங்காத முழங்காலும் தண்ணீருக்குள் கொஞ்சம் மடங்குவதைப் பார்க்க முடிகிறது.

காயல் தண்ணீர் சுத்தமானதல்ல. எண்ணெய்ப் படலமும் பிளாஸ்டிக்கும் மிதக்கும். மழைக்குப் பிறகு ஆகாயத்தாமரை வந்து படியை அடைத்துவிடும். அதை ஒரு கொக்கியால் இழுத்து ஒதுக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் துளி உப்பு மிஞ்சாமல் அலச வேண்டும், காதைத் துடைக்க வேண்டும். மேற்குக் கொச்சியில் நல்ல தண்ணீர் என்பது எப்போதும் தட்டுப்பாடுதான். குழாயில் வராத நாளில் டாங்கர் லாரிக்குக் குடம் வரிசை போட்ட தலைமுறைகள் இருக்கிற இடம் இது. அங்கே ஒரு நாய்க்காக ஒரு குடம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனாலும் நீந்துகிற நாட்களில் அந்தக் கதவோரம் ஒரு குடம் நிறைந்திருக்கிறது. சில நாள் பித்தளை, சில நாள் பச்சை பிளாஸ்டிக். யார் வைத்தது என்று பெரியவர் குடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

*

இளம் சுமைத் தொழிலாளி ஒருநாள் கேட்டுவிட்டான். கெட்டவன் இல்லை, லாரியில் ஏற்றும்போது நடுப்படியில் நின்று வாங்கியவன் அவன்தான். "அப்பச்சா, ஒரு ஊசி போட்டா அதுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி" என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னான். டீக்கடை முழுக்க அடங்கிவிட்டது.

பெரியவர் கோபப்படவில்லை. எழுந்து போய்த் தன் வீட்டுக் கதவை அகலத் திறந்து காட்டினார். கதவின் உட்புறம் கரியால் கோடுகள். நான்கு நின்ற கோடு, குறுக்கே ஒன்று. மூட்டை இறங்கும்போது எண்ணுகிற கணக்கு. நடுநடுவே சுழிகள். சாப்பிட்டு, வாலாட்டி, வலியில்லாமல் தூங்கின நாளுக்குக் கோடு. இல்லாத நாளுக்குச் சுழி. மண்ணுத்தியில் ஒரு டாக்டரம்மா சொன்னாராம், எண்ணிக்கொண்டே வா, மாசத்தில் சுழி கூடினால் வந்து என்னிடம் சொல், அப்போது பேசலாம் என்று.

அமெரிக்காவில் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் 2004-இல் இதற்கென்று ஓர் அளவுகோல் வகுத்தார். வலி எவ்வளவு, பசி இருக்கிறதா, நீர் இறங்குகிறதா, உடம்பு சுத்தமாக இருக்கிறதா, மகிழ்ச்சி தெரிகிறதா, அசைய முடிகிறதா, கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி. உலகமெங்கும் டாக்டர்கள் இதை வைத்து வீட்டாரோடு பேசுகிறார்கள். ஏழாவது கேள்வி அப்படியே இந்தக் கதவில் கரிக்கோடாக இருக்கிறது. ஊசியே வேண்டாம் என்று பெரியவர் சொல்லவில்லை என்பதை அன்று கவனித்தேன். நாளைக்கு அந்தச் சுழிகள் கூடினால் அந்த மனிதர் அதே லாரியில் ஏறுவார், அதே பிடியில் இறக்குவார் என்றுதான் நினைக்கிறேன். தன் களைப்பையும் நாயின் துன்பத்தையும் ஒன்றாகக் கூட்டிவிடாமல் தனித்தனியாக எண்ணுவது கடினமான காரியம். படித்தவர்கள் பலரால் முடியாதது. என்னாலும் முடியுமா என்று தெரியவில்லை.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'வெள்ளப்பொக்கத்தில்' கதையில் குட்டநாட்டு வெள்ளத்தில் குடும்பம் தோணியேறிப் போய்விடுகிறது. கூரைமேல் நாய் மட்டும் நிற்கிறது, விட்டுப்போனவர்களின் வீட்டைக் காத்தபடி. அந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து அந்தக் கூரை என்னை விட்டதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சூரில் ஒரு பெண், தான் வளர்த்த 25 நாய்களை விட்டு வரமாட்டேன் என்று மீட்புப் படகைத் திருப்பி அனுப்பினார். பிறகு ஆட்கள் வந்து நாய்களையும் சேர்த்துத்தான் மீட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது தகழியின் நாய்க்கு யாரோ பதில் சொன்னதாகப் பட்டது. வெள்ளம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். இந்தத் தெருவில் நடப்பது தினம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது. செய்தியில் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இளைஞன் கதவுக் கோடுகளை மேலிருந்து கீழாக எண்ணினான். பிறகு ஒன்றும் சொல்லாமல் பலகையை எடுத்துவந்து வாசலில் சாய்த்தான். ஜூலி வெளியே போகிற நேரம் அது.

*

நாமக்கல் லாரி திரும்ப வந்தது. ஹாரன் சத்தத்துக்குத் திரும்பாத ஜூலி, கிளீனர் பையன் இறங்கிக் கிட்டே வந்ததும் மூக்கைத் தூக்கினாள். காது போய், கண் மங்கினாலும் நாய்க்கு மூக்கு கடைசிவரை நிற்கும்.

டிரைவர் கையில் ஒரு பொட்டலம். பிரித்தால், தார்ப்பாய்த் துணியில் தைத்த அகலமான ஒரு தொட்டில்பட்டை. பின்கால் நுழைய இரண்டு ஓட்டை. மேலே சரக்குக் கட்டுகிற பெல்ட்டில் இரண்டு கைப்பிடி. "நம்மூருல லாரிக்குத் தார்ப்பாய் தெக்கறவருகிட்டச் சொல்லித் தெச்சதுங்க. துண்ட வச்சு எத்தன நாளைக்குங்க இழுப்பீங்க? உங்க முதுகு என்னாகறது?"

ஐந்து நிமிஷத்தில் கூட்டம் கூடிவிட்டது. மாட்டிப் பார்த்தார்கள். வலது ஓட்டை இறுக்கிப் பிடித்தது. இஸ்திரிக்காரர் உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்து, "தார்ப்பாய் விளிம்பு அறுக்கும்யா, உள்ளாற பருத்தித்துணி கொடுத்துத் தெக்கணும்" என்றார். கைப்பிடி குட்டை என்றான் இளைஞன், பெரியவர் குனிய வேண்டிவரும் என்று. இல்லை, நீளமானால் ஆடும் என்றார் டீக்கடைக்காரர். சுமை தூக்கின நான்கு பேர், நான்கு முடிச்சுச் சொன்னார்கள். ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து இழுத்ததில் ஜூலிக்கு எரிச்சல் வந்து உறுமினாள். எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள்.

"அளவச் சொல்லுங்க பெரியவரே," என்றார் டிரைவர். "புதன்கெழம திரும்ப லோடு இருக்குதுங்க. பிரிச்சு மாத்தித் தெச்சுக் கொண்டாறேன்."

பெரியவர் மடங்காத காலை ஒருபக்கம் நீட்டி இறங்கினார். ஜூலியின் நெஞ்சைச் சுற்றிக் கையைப் பதித்து அளந்தார். "நெஞ்சுச் சுற்று ரெண்டரை சாண். தொடை... நிக்கட்டே... தொடை ஒரு சாண், நாலு விரல்." கணக்குப்பிள்ளை பேரேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 15.900-க்குக் கீழே எழுதிக்கொண்டார்.

"கைப்பிடி?"

பெரியவர் நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, விரல் நுனியிலிருந்து அவள் முதுகுவரை அளக்கச் சொன்னார். டிரைவர் குனிந்து அளந்தார்.